ரிலீவர் வரட்டும்

என் வீட்டுக்காரருக்கு பார்க்கின்சன் நோய் வந்த பிறகு வாட்ஸ்அப்பில் வருகிற மூலிகை வைத்தியம் எல்லாவற்றையும் நம்ப ஆரம்பித்திருந்தேன். ஒரு நாள் காலையில் என் தங்கச்சி வீட்டுக்காரர் எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்து, திராட்சை விதைச் சத்து மாத்திரை என்று ஒரு டப்பாவை நீட்டினார்.

“மூளை செல்லைக் காப்பாத்துற ஆன்டி-ஆக்ஸிடன்ட்டுண்ணே. செடியிலேர்ந்து எடுத்தது. டாக்டர் மாத்திரையை இன்னியோட நிறுத்திடுங்க.”

நான் வேகமாகத் தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதைச் சாப்பிட்டு யாருக்காவது நடுக்கம் நின்னுதா சகலை?”

“போகப் போகத் தெரியும்ணே.”

“மைன்ஸ்ல மெஷின் ஓட்டினவன் நான். ஷிப்ட் முடிஞ்சாலும், அடுத்து ஓட்டறதுக்கு வேலை தெரிஞ்ச ரிலீவர் வந்தாத்தான் சீட்டை விட்டு எறங்குவோம். இப்ப சீட்டுல என் பழைய மாத்திரை உக்காந்துகினு ஓட்டுது. உங்க ஆளுக்கு ஓட்டத் தெரியுமான்னு டாக்டரைக் கேக்கறேன். அதுவரைக்கும் இதை எறக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். இவர் காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது; மருந்து நன்றாக வேலை செய்கிற நேரம். டம்ளர் நிறைய டீயோடு வந்து சகலை கையில் கொடுத்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. எனக்கு விசிலடிக்கணும் போல இருந்தது!

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் டப்பாவைப் பார்த்துவிட்டு, “ஆராய்ச்சி நடக்குது, மனுஷங்களுக்குப் பலன் இன்னும் உறுதியாகலை. உங்க மாத்திரையை நிறுத்திடாதீங்க” என்றார்.

“ரிலீவர் இன்னும் வரலியாம்” என்று இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கை நடுங்குகிற மனுஷனுக்காக இனி நான்தான் எல்லாம் முடிவு பண்ணணும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ சீட்டை விட்டு எறங்கவே இல்லை.