இளவரசிக்குப் பூக் கொடுத்த கை

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையை வலக்கைக்கு மாற்ற வேண்டுமா, அப்படியே விட்டுவிட வேண்டுமா? என் மகள் அடுத்த மாதம் முதலாம் வகுப்புக்குப் போகிறாள். இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துவிட்டது என்று போன கோடையில் ஒருநாள் நினைத்தேன்.

நாங்கள் சுவிற்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கில் இருக்கிறோம். கணவருக்கு ஒரு ஹோட்டலின் சமையலறையில் வேலை. அதே ஹோட்டலில் நான் அறைகளைத் துப்புரவாக்குகிறேன். ஜப்பானிய அரச குடும்பத்துக்கு மருமகளாகப் போன ஓர் இளவரசி அந்தக் கோடையில் எங்கள் ஊருக்கு வந்து, எங்கள் ஹோட்டலிலேயே தங்கினார். முதியோர் இல்லத்தையும் கிண்டர்கார்டனையும் பார்ப்பதாக ஏற்பாடு. கிண்டர்கார்டன் வாசலில் பூச்செண்டு கொடுக்க ரீச்சர் தெரிவு செய்தது என் மகளை.

"ஊரிலை இருக்கேக்கை ஒரு பள்ளிக்கூட அதிபருக்குக்கூட நாங்கள் மாலை போட்டதில்லை. இப்ப நேரா இளவரசி!" என்று கணவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இவள் இடக்கையாலை நீட்டிப்போட்டாள் எண்டால்?"

"நீட்டினா என்ன? வேண்டாம் எண்டு திருப்பித் தந்திடுவாவோ?"

"உங்களுக்கு எல்லாம் பகிடி. பிள்ளையை வளர்க்கத் தெரியேல்லை எண்டு என்னைத்தான் சொல்லுவினம்."

விஜயதசமிக்கு ஏடு தொடக்கியபோதும் அரிசித் தட்டில் அவள் இடது விரலைத்தான் வைத்தாள். ஐயர் அந்தக் கையை எடுத்துவிட்டு வலக்கையைப் பிடித்து எழுதுவித்தார். அன்று எனக்கு ஏற்பட்ட கூச்சம் மறக்கவில்லை. ஆகவே வீட்டில் ஒத்திகை தொடங்கினேன். பூச்செண்டுக்குப் பதில் மரக்கரண்டி. கணவர் தலையில் குளியல் துவாயைப் போட்டுக்கொண்டு இளவரசியானார். வலக்கையால் நீட்ட வேண்டும், இடக்கை விரல்கள் வலது முழங்கையைத் தொட்டிருக்க வேண்டும், தலை சற்றே குனிய வேண்டும். பெரியவர்களுக்கு எதையும் கொடுக்கும்போது நாங்கள் பழகிய முறை அது.

"இளவரசிக்கு முதுகு பிடிச்சுப் போச்சு, மகாராணி. கெதியாத் தாங்கோ" என்பார் கணவர். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். கரண்டி மறுபடியும் இடக்கைக்குப் போய்விடும்.

சில நாட்களில் அந்தச் சிரிப்புக் குறைந்தது. பல் துலக்க, கதவு திறக்க, எதற்கும் "அம்மா, எந்தக் கை?" என்று கேட்கத் தொடங்கினாள். வேகமாகப் படம் வரையும் பிள்ளை இப்போது பென்சிலைப் பார்த்தபடியே இருக்கிறாள், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று ரீச்சர் கேட்டார். இல்லை என்றேன். நான் செய்வது சரிதானா என்ற பயம் அப்போதுதான் வந்தது. ஆனாலும் ஒத்திகையை நிறுத்தவில்லை.

பூக் கொடுக்க வேண்டிய நாள் காலை, இளவரசியின் அறைக்குத் துவாய்கள் கொண்டுபோனேன். கதவு பாதி திறந்திருந்தது. அவர் கண்ணாடி முன் நின்று, எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோரும் சொல்லும் வணக்கத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அலெக்ரா." ஒரு சிறு குனிவு. மறுபடியும் "அலெக்ரா." பக்கத்தில் நின்ற உதவிப் பெண் ஏதோ சொல்ல, தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார். இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் குளியலறைக் கண்ணாடி முன் இதே சொல்லைத்தான் பழகினேன். அவரும் அந்த அரச வீட்டில் பிறந்தவரல்ல, கல்யாணம் முடித்துப் போனவர். எங்கே நிற்பது, எவ்வளவு சிரிப்பது என்று அவருக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். துவாய்களை வாசலில் நின்ற இன்னோர் உதவிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிற்பகலில் கிண்டர்கார்டன் வாசலில் பெற்றோரோடு நின்றேன். முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று கதைத்துவிட்டு வந்திருந்தார் இளவரசி. முகத்தில் களைப்புத் தெரியவில்லை. என் மகள் முன்னே போனாள். பூச்செண்டு இடக்கையில் இருந்தது. வலக்கைக்கு மாற்றினாள். மறுபடியும் இடக்கைக்கு. பிறகு அப்படியே நின்றுவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தாள். எந்தக் கை என்று அந்தக் கண்கள் கேட்டன. கூட வந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இளவரசி அவசரப்படவில்லை. மெல்லக் குந்தி, மகளின் உயரத்துக்கு வந்து, "அலெக்ரா" என்றார். காலையில் பழகியதைவிட அழகாக இருந்தது. பிறகு இரண்டு கைகளையும் ஏந்தியபடி காத்திருந்தார்.

மகள் கொடுத்தாள். இடக்கையால்தான். ஆனால் வலக்கை விரல்கள் இடது முழங்கையைப் பக்குவமாகத் தொட்டிருந்தன, தலையும் குனிந்திருந்தது. நான் படிப்பித்த மரியாதை முழுவதும் அப்படியே இருந்தது, கைகள் மட்டும் இடம் மாறியிருந்தன. இளவரசி பூவை வாங்கிக்கொண்டு, மகள் குனிந்த அளவுக்கே தானும் குனிந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த வீடியோ கசற்றை அன்று பின்னேரம் போட்டுப் பார்த்தோம். "கையைப் பாராமல் பிள்ளையின்ரை முகத்தைப் பாருமப்பா" என்றார் கணவர். பார்த்தேன். பூ கைமாறிய அந்தக் கணத்தில் அவள் சிரிக்கிறாள். ஒத்திகையை அன்றோடு விட்டேன். "எந்தக் கை?" என்ற கேள்வியும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. இப்போது பழையபடி வேகமாக வரைகிறாள். வீட்டில் சந்தோஷமாக இருக்கிறோம்.

ஆனாலும் மனம் சும்மா இருப்பதில்லை. எந்தக் கை நீண்டாலும் முகம் சுளிக்காமல் வாங்குவது அந்த இளவரசியின் கடமை. அதை நான் என் கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாமா? கல்யாண வீட்டுப் பந்தியில் மகள் இடக்கையால் சோறு பிசைய, எதிரே இருப்பவர்கள் பார்க்கும் பார்வைக்கு நான் என்ன சொல்வது? எழுதுவதையும் வரைவதையும் அவள் விருப்பத்துக்கு விட்டு, சாப்பாட்டை மட்டும் வலக்கைக்குப் பழக்கலாமா? அதுவும் அவளை மறுபடி தயங்க வைத்துவிடுமா? இடக்கைப் பிள்ளைகளை வளர்த்தவர்கள், இடக்கைப் பிள்ளையாகவே வளர்ந்தவர்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.