என் வேலிக்கு அந்தப் பக்கம் ஐந்து மாடி

இருபத்தாறு வருடம் நான் பார்த்த வேலை, ஒரு சிப் எங்கே பழுதாகும் என்று கண்டுபிடிப்பது. 2023 கடைசியில் கம்பெனி என்னையே கண்டுபிடித்தது. மரியாதையாகக் கைகுலுக்கி, ஒரு அட்டைப்பெட்டியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வயது ஐம்பத்தெட்டு. வேறு வேலை தேடும் உற்சாகம் இல்லை. அடுத்த வருடம் அமெரிக்க அதிபர் தேர்தல். நான் நாட்டைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

என் பெயர் நஞ்சுண்டன், ஊர் கோபிச்செட்டிபாளையம். தொண்ணூற்றேழில் சான் ஹோசேயில் வந்து இறங்கி, இரண்டு பெட்ரூம் அபார்ட்மெண்டில் ஐந்து பேரோடு படுத்து எழுந்தவன். பிறகு குபெர்டினோ எல்லையில் ஒரு பழைய வீட்டை வாங்கி, அதன் விலை ஏறியதற்கு என் புத்திசாலித்தனம்தான் காரணம் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருப்பவன்.

அந்தப் பிப்ரவரியில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் தொடங்கினேன். டேகேர், மருந்து விலை, வரி, ஓய்வூதியம், வீடு என்று இடது ஓரத்தில் பிரச்சினைகள். மேலே இரண்டு கட்சிகள். கட்டங்களுக்குள் அவர்கள் சொன்ன திட்டங்கள். கடைசியில் என் கருத்துக்கு ஒரு பத்தி. ஷீட்டில் அகலமான பத்தி அதுதான்.

என் எதிர்க்கட்சி, நாலு வீடு தள்ளி இருந்த சந்தானம். மாம்பலத்துக்காரர், பேங்க் சாஃப்ட்வேர் எழுதி ரிட்டயர் ஆனவர். தினமும் காலையில் பார்க்கில் குளத்தைச் சுற்றி இருவரும் நடப்போம்.

"கவர்ன்மெண்ட் கைய எடுத்தா போதும் சார். மார்க்கெட் தானா வீடு கட்டிடும்" என்பார்.

"மார்க்கெட் யாருக்குக் கட்டுமுங்க? இருக்கறவனுக்குத்தான் கட்டும். அரசாங்கம் எறங்கிக் கட்டோணும்" என்பேன்.

எங்கள் சத்தத்துக்கு வாத்துகள் மறுகரைக்கு நீந்திப் போய்விடும். ஆறு மாதத்தில் நாங்கள் ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. நாட்டில் வீடு போதாது, நிறைய கட்ட வேண்டும். அந்த ஒரு வரிசைக்கு மட்டும் இரண்டு பக்கமும் பச்சை வண்ணம் பூசி வைத்தேன்.

ஆகஸ்டில் நகரமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. என் வேலிக்குப் பின்னால் இருக்கும் பழைய ஃபர்னிச்சர் கடையை இடித்துவிட்டு ஐந்து மாடிக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள். நூற்றுப்பன்னிரண்டு வீடுகள். அதில் இருபது, பள்ளியிலும் மருத்துவமனையிலும் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களுக்கு.

நான் ஏணியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். ஐந்து மாடி எவ்வளவு உயரம், நிழல் எதுவரை வரும் என்று கணக்குப் போட்டேன். காலை வெயிலில் நாற்காலி போட்டு வீட்டுப் பற்றாக்குறையைப் பற்றி நான் படிக்கிற இடத்தில் நிழல் சரியாக விழுந்தது.

மத்தியானம் சந்தானம் அதே கடிதத்தோடு வந்தார்.

"அஞ்சு மாடி சார். அக்கிரமம்."

மார்க்கெட்தானே கட்டுகிறது என்று கேட்டிருக்கலாம். "நானும் அதையேதானுங்க நெனச்சேன்" என்றேன். பழகி ஒன்பது வருடத்தில் அவருக்கு என் வீட்டில் இரண்டாவது காபி கிடைத்தது அன்றுதான்.

வீடு வீடாகப் போய் நாற்பத்தொரு கையெழுத்து வாங்கினோம். அக்டோபர் கூட்டத்தில் பேச, டிராஃபிக்கை அவர் எடுத்துக்கொண்டார். நிழலும் நெய்பர்ஹுட் கேரக்டரும் என் பங்கு. என் உரையை அச்செடுத்து டைனிங் டேபிளில் வைத்திருந்தேன். என் மனைவி நாகரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பள்ளியில், தனிக் கவனிப்பு வேண்டிய குழந்தைகளுக்கு உதவியாளராகப் பதினான்கு வருடமாக வேலை செய்கிறாள்.

"ஏனுங்க, கேரக்டர்னா என்னங்க?"

"நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு தன்மை இருக்குதில்ல, அது."

"அந்த ஃபர்னிச்சர் கடைக்குங்களா?"

கடை மூடி நாலு வருடம் ஆகியிருந்தது. உள்ளே எலிகள்தான் குடியிருந்தன. "உனக்கு பாலிசி புரியாது நாகு" என்று பேப்பரை வாங்கிக்கொண்டேன்.

கூட்டத்துக்கு அவளும் வந்தாள். வாசலில் ஒரு சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்தால் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம். சந்தானம் டிராஃபிக்கைப் பற்றி, தன் சொந்தக் காரை யாரோ தடுத்துவிட்டது போலப் பேசினார். அடுத்து நான். வீட்டுப் பற்றாக்குறையை ஆழமாகப் படித்தவன் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். வீடு கட்டுவதை மனதார ஆதரிக்கிறேன் என்றேன். அதற்கு இருபது விநாடி ஆனது. மீதி நூறு விநாடியும் 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பிறகு வந்தது. நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் ஒரு வாக்கியம் பேசினேன்.

அடுத்த பெயரைப் படிக்க, சீட்டுகளை வைத்திருந்த அம்மாள் தடுமாறினார். "நாகா... ரட்டினம்... நன்ஜுண்டன்." என் பெயரைத்தான் இரண்டாம் முறை படிக்கிறார்கள் என்று நினைத்து, சந்தோஷமாக எழுந்திருக்கப் போனேன். பின்வரிசையிலிருந்து என் மனைவி மைக்குக்கு நடந்தாள்.

அவள் ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவாள். "நான் பக்கத்துப் பள்ளியில் வேலை செய்கிறேன். என்னோடு வான்மதி என்று ஒருத்தி வேலை செய்கிறாள். அறுபது மைல் தள்ளி, ட்ரேசி என்ற ஊரிலிருந்து வருகிறாள். டிராஃபிக்குக்குப் பயந்து நாலே முக்காலுக்குக் கிளம்பி, பள்ளி வாசலில் காரிலேயே ஒரு மணி நேரம் தூங்குவாள். தினமும் நான்தான் கண்ணாடியைத் தட்டி எழுப்புகிறேன். என் வீடு இந்தக் கட்டடத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. தயவுசெய்து கட்டுங்கள்."

அரை நிமிடம்கூட ஆகவில்லை. மிச்ச நேரத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். சந்தானம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நாகரிகம் அவரிடம் இருந்தது.

காரில் நான்தான் ஆரம்பித்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னனுங்க. ஜூன்ல ஒருக்கா, போன மாசம் ஒருக்கா. நல்ல எக்ஸாம்பிள், ஷீட்ல போட்டுக்கறேன்னீங்க."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். வீடு என்ற வரிசையில், அகலமான பத்தியில், 'வா., ட்ரேசி' என்று இருந்தது. சந்தானத்தோடு வாதாடும்போது இரண்டு முறை அவளைப் பயன்படுத்தியும் இருக்கிறேன். அன்று அந்த ஷீட்டை மூடியவன் பல வாரம் திறக்கவில்லை.

மன்றம் அனுமதி கொடுத்துவிட்டது. மாநிலச் சட்டப்படி மறுப்பதற்கு வழியே கிடையாது என்று அவர்களுடைய வக்கீல் விளக்கினாராம். என் பேச்சு எதையும் தடுத்திருக்காது, அவள் பேச்சால் எதுவும் நடந்துவிடவும் இல்லை. இதை அவளிடம் சொல்லி ஆறுதல் தேடினேன். "சரிங்க" என்றாள். ஆஸ்டினில் வேலை பார்க்கும் மகள் ஓவியா, கூட்டத்தின் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். "அப்பா, யூ செட் 'பட்' லெவன் டைம்ஸ். ஐ கவுண்ட்டட்."

தேர்தல் வந்தது. எங்கள் இருவரில் ஒருவருடைய கட்சி ஜெயித்தது. தோற்றவருக்கு இரண்டு வாரம் முழங்கால் வலி, நடக்க வரவில்லை. அது யார் என்று சொல்வதாக இல்லை.

எனக்கோ வான்மதி விஷயத்தில் மனசு கேட்கவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது பெருந்தன்மையாக ஒரு திட்டம் சொன்னேன்.

"நாகு, ஓவியா ரூம் சும்மாதான கெடக்குது? அந்தப் புள்ளய வாரநாள்ல இங்கயே தங்கச் சொல்லு."

"அவளுக்குப் புருசனும் ரெண்டு கொழந்தையும் இருக்குதுங்க. அவிய எங்க படுப்பாங்க?"

வருடக்கணக்கில் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டும், அவளுக்குக் குடும்பம் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. நானே தீட்டிய ஒரே சமூகநலத் திட்டம் முதல் கேள்வியிலேயே படுத்துவிட்டது.

இப்போது கட்டடம் ஐந்து மாடியும் எழும்பிவிட்டது. நிழல் நான் கணக்குப் போட்டதைவிட மூன்றடி குறைவு. அந்த இருபது வீடுகளுக்கு இந்த வசந்தத்தில் விண்ணப்பம் வாங்கினார்கள். குலுக்கலில்தான் எடுப்பார்களாம். வான்மதியின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க முடியுமா என்று நாகரத்தினம் கேட்டாள். இரண்டு கட்சிகளின் வீட்டுத் திட்டத்தையும் வரிவரியாகப் படித்த நான், அப்படி ஒரு விண்ணப்பத்தைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான். இருபத்தாறு பக்கம். மூன்று சனிக்கிழமை ஆனது. சம்பளக் கட்டத்தில் மாதத்துக்கு எழுதவேண்டியதை வருடத்துக்கு எழுதிவிட்டேன். திரும்பி வந்தது.

அதைத் திருத்த வான்மதி போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். சின்ன உருவம், நாற்பது வயது இருக்கும். நாகரத்தினம் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நீங்க கவுன்சில்ல பேசின வீடியோவை அக்கா போன்ல பாத்தேன்" என்றாள்.

நான் பக்கத்தைத் திருப்பினேன்.

"உங்க இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணா" என்றாள். கிண்டல் மாதிரி தெரியவில்லை. ஏழாம் பக்கத்தில் அவள் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினேன்.