நாங்கள் எடுத்துக்கொண்ட கன்வெர்ட்டர்

தொண்ணூறுகளின் நடுவில் மத்திகிரியில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் பேரிகை. ஓசூரில் ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை மெஷினில் அடித்து வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் ஒன்பது வருடமாக வேலை. பீடி, சிகரெட் கிடையாது, பாட்டு மட்டும்தான் பைத்தியம். செகண்ட் ஹேண்டில் ஒரு சிடி பிளேயர் வாங்கிவிட்டு, பாட்டில் உயிரே இல்லை, எல்லாம் மழுங்கலாக வருகிறது என்று ஆறு மாதம் புலம்பித் தள்ளினார். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. சொன்னால், உனக்கு என்ன தெரியும் என்பார்.

பிளேயரின் டிஜிட்டலைப் பாட்டாக மாற்றித் தர தனியாக ஒரு கன்வெர்ட்டர் வைத்தால் சரியாகிவிடும் என்று ஷிப்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெங்களூர் போய் ஒரு கடையில் இரண்டு பெட்டிகளை வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பிவிட வேண்டும். ஒன்று எங்கள் கைக்கு அடக்கமான விலை. மற்றது அதைப் போல இரண்டு பங்கு.

அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். நான் சொல்லாமல் ஒயரை மாற்றிக் குத்த வேண்டும். காலையிலிருந்து இதே வேலை. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, எனக்கு எரிச்சல். ஒருமுறை ஒயரைப் பிடுங்கி அதே பெட்டியிலேயே குத்தினேன். புல்லாங்குழல் இப்போதுதான் தெளிவாக வருகிறது என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

குறைந்த விலைப் பெட்டியில் ஒரு குறை இருந்தது. பாட்டுக்கு அடியில் கீச்சென்று விசில் ஒன்று விடாமல் காதைக் குடைந்தது. பக்கத்து போர்ஷன் கன்னடக்கார அக்காகூட வாசலுக்கு வந்து அது என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனாள். இதை எப்படித் தாங்குவது என்று அவரிடம் கேட்டேன்.

"எந்த விசில்?" என்றார்.

பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை முழுக்கத் திருப்பினேன். அவர் ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக் கேட்டார். என்னால் பொறுக்க முடியாமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அவர் திரும்பி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிளேயரில் ஒரு குறையும் இருந்ததில்லை. பிரஸ் ஷாப்பில் மெஷின் இடிக்கிற இடிக்குக் காதில் இவர்கள் வைத்துக்கொண்டது எண்ணெய் துடைக்கிற வேஸ்ட் பஞ்சு. காது அடைப்பான் சூப்பர்வைசரின் பீரோவில் பூட்டிக் கிடக்கும், வெளிநாட்டுக்காரன் பார்வையிட வரும் அன்றைக்கு மட்டும் கையில் கொடுத்து, சாயங்காலம் எண்ணி வாங்கிக்கொள்வார்கள். பாவிகள். டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"வேணாம். யாருக்கும் சொல்லாத. கம்பெனிக்குத் தெரிஞ்சா என்னத் தூக்கிட்டு வேற ஆளப் போட்டுடுவானுங்க," என்றார். விலை அதிகமான பெட்டியைத் துணியில் சுற்றினார். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். இதைத் திருப்பிக் குடுத்துடறேன்."

அடுத்த மாதம் கம்பெனியில் வருடாந்திர மெடிக்கல் வந்தது. இரண்டு பேரும் சரியாகத் தூங்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டர் பேரையும் அப்பா பேரையும் உரக்கக் கேட்டாராம், இவர் சொன்னாராம், காது நார்மல் என்று எழுதிவிட்டார்களாம். இவர் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். நானும் சந்தோஷப்பட்டுத்தான் தின்றேன். மறுநாள் காலை டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்து, அதே பிரஸ் ஷாப்புக்கு அனுப்பியும் வைத்தேன்.