கோரைப்பல் இல்லாதவன்

யுத்தத்தின்போது நாமக்கல் பக்கம் பிரசாரச் சுவரொட்டிகளை ஒட்டும் வேலை எனக்கு. ஜப்பான்காரனைக் கோரைப்பல்லோடு வரைந்திருப்பார்கள். யுத்தம் முடிந்த மறு வருஷமும் பஸ் நிற்கும் இடத்துச் சுவரில் ஒன்று கிழியாமல் இருந்தது.

ஒரு மத்தியானம் அதன் எதிரே ஒரு அம்மாள் நின்றாள். மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து கப்பலில் திரும்பியவள். வற்றிய உடம்பு. யார் பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்தாள்.

“இது ஆருங்க சாமி?” என்று கேட்டாள்.

“ஜப்பான்காரன்.”

“இல்லீங்க. எங்க தோட்டத்துக்கு வந்தவன் சின்னப் பையனாட்ட இருந்தான். சிரிச்ச மொகம். எம் புள்ளைக்குச் சக்கரை குடுத்தான். சயாம்ல ரயில் ரோடு போடோணும், மூணு மாசத்துல ஊட்டுக்கு வந்தரலாம்னு ஆள் வெச்சுச் சொன்னான். எங்கூட்டுக்காரரு நம்பிப் போனாருங்க. வரவே இல்லீங்க.”

மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“இப்பிடிப் பல்லு இருந்திருந்தா நாங்க ஓடியிருப்பமுங்க.”

அதை ஒட்டியவன் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மல்லசமுத்திரம் பஸ் வந்தது. “வாரேனுங்க” என்று சொல்லி ஏறிப் போய்விட்டாள்.

நான் பார்த்தேயிராத அந்தப் பையனின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.