ஐந்து ஆம்பியர் ஃபியூஸ்

ஷமீமா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அதே பாயின் மறுமுனையில் அவள் கணவர் மன்சூர் அலி பேட்டரிப் பெட்டிக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் தூள் விழாமல் அவள் முறத்தை நகர்த்தி வைத்தாள்.

தொலைநோக்கி, வாஷியில் இருக்கும் மகள் சஃபீனா ஆசையாய் வாங்கி, ஆறே மாதத்தில் அலுத்துப்போய்க் கொடுத்தது. வானம் நகர நகர அதுவும் திரும்ப ஒரு மோட்டார். அதற்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். மும்பைக்கு வெளியே, வாங்கணிப் பக்கத்து வயல்வெளியில் பிளக்குக்கு எங்கே போவது? அதனால்தான் இந்தப் பெட்டி. சனிக்கிழமை ராத்திரி நட்சத்திரம் பார்க்க நீயும் வா என்று ஒரு வாரமாகக் கேட்கிறார். அவள் பிடி கொடுக்கவில்லை.

முப்பது வருடத்துக்கு முன்பு அவளைக் கூப்பிடவே வேண்டாம். மேலப்பாளையத்திலிருந்து வந்த புதிதில், நோன்புப் பிறை பார்க்க தாராவியில் அவர்கள் இருந்த சால் குடியிருப்பின் மொட்டை மாடிக்கு முதலில் ஏறுவது அவள்தான். தண்ணீர்த் தொட்டிக்கும் ஆன்டெனாக்களுக்கும் நடுவே நகத்துண்டு போல ஒரு வெளிச்சம். "அங்க இல்லங்க, இங்கன" என்று அவர் முகவாயைப் பிடித்துத் திருப்புவாள்.

கீழே சந்து முழுக்க அவர் இழுத்த ஒயர்தான். ஃபியூஸ் போனால் "மன்சூர் பாய்" என்று ஒரு குரல் வரும். துண்டு ஒயரிலிருந்து செம்புக் கம்பியை உருவிச் சுற்றிவிடுவார். அதற்குமேல் அந்த ஃபியூஸ் போகவே போகாது. சந்துக்கே அதில் பெருமை.

சொந்த வீட்டிலும் அதே கம்பிதான். ஒரு நோன்பு நாளில், இஃப்தாருக்கு அவள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது ஃபியூஸ் போகாமல் சுவரோரம் ஒயர் உருகி எரிந்தது. அவளுடைய இடது கை முழங்கை வரை வெந்துபோயிற்று. எலி கடித்த ஒயர் என்று எல்லோரிடமும் சொன்னார். அந்தப் பெருநாளுக்குப் பிறை பார்க்க அவள் மாடி ஏறவில்லை. அப்புறமும் ஏறவில்லை. அவர் ஒரு இன்வெர்ட்டர் கம்பெனியில் சேர்ந்து இருபது வருடம் வேலை பார்த்தார். அங்கே கம்பி சுற்ற யாரும் விடவில்லை.

"இப்பப் பாரு." பேட்டரியின் சிவப்பு முனையை ஒட்டியே ஃபியூஸ் வைத்திருந்தார். வெளியே நீண்ட இரண்டு ஒயர் நுனிகளையும் வேண்டுமென்றே சேர்த்தார். டிக்கென்று ஒரு சத்தம்.

"செத்துப்போச்சா?"

"ஃபியூஸ் மட்டுந்தான். ஒயரு சூடே ஆகல, தொட்டுப் பாரு."

அவள் தொடவில்லை. "ஒரு கம்பிய உருவிச் சுத்திர வேண்டியதுதான? பக்கா வேலையால்லா இருக்கும்."

"பத்து ஃபியூஸ் வாங்கி வச்சிருக்கேன், புள்ள."

"வயல்ல எலி கெடக்கும். பாத்துக்கிடுங்க. நம்ம வீட்டு எலிக்கே அம்புட்டுப் பல்லு."

மன்சூர் அலி திருப்புளியைக் கீழே வைத்தார்.

"எலி இல்ல ஷமீமா. கம்பிதான். நான் சுத்துனது."

அவள் ஒரு பல்லை உரித்து முடித்தாள்.

"சனிக்கிழமை வாரியா?"

அவள் பூண்டைக் கிண்ணத்தில் அள்ளினாள். தோலை முறத்தோடு எடுத்துக்கொண்டு, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.