தண்ணீர் தெறிக்காத பத்து வினாடி

அவர் இறந்த மறுநாள், செய்தித்தாளில் போட ஒரு படம் வேண்டும் என்று வீட்டில் தேடினார்கள். அலமாரியில் ஒரு பெரிய உறை நிறையப் படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் கார். மலை மேல் கார், கடற்கரையில் கார், கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் கார். ஒவ்வொன்றிலும் அவர் இருக்கத்தான் செய்தார், கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளே, ஸ்டீயரிங்குக்குப் பின்னால். கடைசியில் ஓட்டுநர் உரிமத்தில் இருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டார்கள். குறுக்கே யாரோ ஓடிவந்துவிட்டதுபோல அதில் விழித்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வருடங்களில் நாற்பத்தொரு தொலைக்காட்சி விளம்பரங்களில் கார் ஓட்டியவர் அவர். தொழிலில் அவருக்கு ஸ்டெப்னி அண்ணன் என்று பெயர். மாற்றுச் சக்கரம்போல வண்டியில் இருந்தே ஆகவேண்டும், யார் கண்ணிலும் படக் கூடாது என்பதால் வைத்த பெயர். அந்தச் சொல்லுக்கு ஊரில் வேறொரு பொருளும் புழங்குவதால், மாடிப்படியில் நின்று யாரும் தன் கணவரை அப்படிக் கூப்பிடக் கூடாது என்று அவர் மனைவி கண்டித்துச் சொல்லியிருந்தார்.

கார் விளம்பரம் எடுக்கிற முறை இதுதான். முதலில் அழகான ஒருவர் வருவார். கதவைத் திறப்பார், உட்காருவார், கண்ணாடியைச் சரிசெய்வார், உலகத்தையே தவணை இல்லாமல் வாங்கிவிட்டவர்போலச் சிரிப்பார். அவ்வளவோடு அவர் வேலை முடிந்தது. இறங்கிக் குடைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வார். பல அழகர்களுக்குக் கியர் எந்தக் கையில் என்பதே தெரியாது. பிறகு கறுப்புத் தொப்பி, கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை போட்டுக்கொண்டு நம்மவர் ஏறிக் குனிந்து உட்காருவார். மலையில் ஏறுவது, வளைவில் சீறுவது, பாலத்தில் பறப்பது எல்லாம் அவர். சிரித்ததற்குச் சம்பளம் அதிகம்.

சாலையில் ஒரு ஈ காக்கை இருக்கக் கூடாது. போலீசில் அனுமதி வாங்கி, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, சைக்கிள்காரனைக்கூடத் துரத்திவிட்ட பிறகுதான் கேமரா ஓடும். முடிந்து பார்த்தால், கொள்ளைநோயில் ஊரே ஒழிந்துபோய், பிழைத்த ஒருவன் மட்டும் நிம்மதியாகக் கார் வாங்கியதுபோல இருக்கும். இதைப் பார்த்து மக்கள் ஏன் மயங்கவில்லை என்று கம்பெனியில் அடிக்கடி கூட்டம் போடுவார்கள். ஒரு கூட்டத்துக்கு வண்டியை நிறுத்திவைக்க ஸ்டெப்னி அண்ணனும் போயிருந்தார். மூன்று மணி நேரம் பேசிய பிறகு, மலை போதவில்லை என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த விளம்பரத்தில் இரண்டு மலை வைத்தார்கள்.

மயங்காதவர்களில் முதல் ஆள் அவர் வீட்டிலேயே இருந்தார். மனைவி மருத்துவமனையில் நர்ஸ். காலை வேலை முடிந்து வந்து, வீட்டைச் சுத்தம் செய்து, இரவு எட்டு மணிக்குத் தொடர் பார்க்க உட்காருவார். தொடருக்கு நடுவே சோப்பு விளம்பரம் வந்தால் பார்ப்பார். சிமெண்ட் விளம்பரத்தைக்கூடப் பார்ப்பார். கார் விளம்பரம் என்றால் மட்டும், முதல் மலை தெரிந்ததுமே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். முதல் நாற்பது விளம்பரங்களில், ஆரம்பத்தில் ஒன்றிரண்டைப் பாதி பார்த்ததோடு சரி, ஒன்றைக்கூட அவர் முழுதாகப் பார்த்தது கிடையாது.

கணவருக்கு வேறு பெரிய ஆசைகள் இருந்ததாகத் தெரியவில்லை. முகம் தெரியவேண்டும் என்றுகூட அவர் கேட்டதில்லை. தான் ஓட்டுகிற ஒரு விளம்பரத்தை, ஒரே ஒரு முப்பது வினாடியை, பக்கத்தில் உட்கார்ந்து மனைவி கடைசிவரை பார்க்கவேண்டும். அவ்வளவுதான். அதற்காகச் சில தந்திரங்களும் செய்து பார்த்தார். அடுப்பைத் தானே அணைத்துவிட்டு வந்தார். மனைவி காலடியில் இருக்கும் துணிக்கூடையை நகர்த்தி வழியை மறித்தார். இந்த வளைவை எண்பதில் எடுத்தேன் தெரியுமா என்று ஆரம்பித்தால், சமையலறையிலிருந்து “கேக்குது, சொல்லுங்க” என்று பதில் வரும். அதோடு குழாய் திறக்கிற சத்தமும் வரும்.

மைத்துனர் கதை இதைவிட மோசம். மனைவியின் தம்பி புதுக் கார் வாங்க ஆறு மாதம் அலைந்தார். அக்கா வீட்டுக்கு வந்து, தான் வாங்க நினைத்த வண்டியையே மூன்று விளம்பரங்களில் ஓட்டிய மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு தெருமுனை மெக்கானிக்கிடம் கேட்டு வேறு வண்டி வாங்கினார். என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று மாமா விசாரித்தபோது, “நீங்க விளம்பரத்துல ஓட்டுறவரு மாமா, நான் ரோட்டுல ஓட்டணும்ல” என்றார். மனைவி சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை பெய்துகொண்டிருந்த மாலையில், அவர் நேராகவே கேட்டுவிட்டார். மனைவி மறுநாளைக்கான வெள்ளைச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் எப்போதும் இரண்டு சீருடை எடுத்துப்போவார், ஒன்று உடம்பில், ஒன்று பையில்.

“மத்த விளம்பரம்லாம் பாக்குற. என்னோடது வந்தா மட்டும் ஏன் எந்திரிச்சுப் போற?”

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “உங்க வண்டி பள்ளத்துல பாயுதா? தண்ணி ரெண்டு பக்கமும் ரெக்கை மாதிரி எழும்புதா? அதைத் திரும்பத் திரும்ப, மெதுவா வேற காட்டுறீங்க. மேல போற தண்ணி கீழ எங்க விழுதுன்னு ஒரு நாளாவது காட்டுனீங்களா?”

“அங்க யாரும் இருக்க மாட்டாங்க. கயிறு கட்டிருவோம்.”

“நான் இருப்பேன்” என்றார் மனைவி. “பஸ் ஸ்டாப்புல. அந்த ரெண்டாவது யூனிபார்ம் எதுக்குன்னு நெனச்சீங்க?”

அவர், நாற்பதில் எத்தனை விளம்பரத்தில் தண்ணீர் அடித்தோம் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்து, இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டார்.

தண்ணீர் அடிப்பது அந்தத் தொழிலில் தவிர்க்க முடியாத சடங்கு. கார் கவிழ்ந்தாலும் பரவாயில்லை, தண்ணீர் எழும்பவேண்டும். அதற்கென்று லாரியில் தண்ணீர் வரும். பள்ளத்தை நாடாவால் அளந்து நிரப்புவார்கள். வெறும் தண்ணீர் படத்தில் எடுபடாது என்று குடம் குடமாகப் பாலைக் கலப்பார்கள். அப்போதுதான் வெள்ளையாக, ரெக்கை மாதிரி தெரியும். எத்தனை குடம் பால் என்று அவர் வீட்டில் சொன்னதே இல்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நாற்பத்தோராவது விளம்பரம் மலைச் சாலையில் நடந்தது. மாலை ஆறு மணிவரைதான் அனுமதி. டைரக்டர் முப்பது வயதுக்காரர், எல்லோரையும் அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டக்கூடியவர். கேமராவைப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே தரையோடு தரையாக வைக்கச் சொன்னார். தண்ணீர் பார்க்கிறவன் மூஞ்சியில் அடிக்கவேண்டும் என்பது அவர் கற்பனை. மூன்று முறை எழுபதில் பாய்ந்தார் ஸ்டெப்னி அண்ணன். மூன்று முறையும் ரெக்கை கிளம்பியது. டைரக்டர் கைதட்டினார். அந்தி வெளிச்சத்தில் இன்னும் ஒன்று, கடைசி, என்றார்.

தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் உண்டு. பள்ளத்தை நிரப்பிவிட்டு, விசில் அடித்ததும் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளவேண்டும், அதுதான் அவர் வேலை. நான்காவது முறை பதுங்கியவருக்கு ஒரு செருப்பு பள்ளத்தின் ஓரத்திலேயே கிடப்பது தெரிந்தது. படத்தில் செருப்பு விழுந்தால் தன்னைத்தான் கேட்பார்கள் என்று, விசிலுக்கும் வண்டிக்கும் நடுவே எடுத்துவிடலாம் எனக் கிளம்பிவிட்டார்.

வளைவு திரும்பியதும் ஸ்டெப்னி அண்ணன் பார்த்தது, பள்ளத்தோரம் ஒற்றைக் காலில் செருப்போடும் ஒரு கையில் செருப்போடும் நிற்கிற மனிதரை. நடுவில் வண்டி வேகம் குறையக் கூடாது என்பது தொழில் விதி. அவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி பள்ளத்தின் விளிம்பில் தயங்கி, பாலும் தண்ணீரும் கலங்காமல், தூங்குகிற குழந்தையின் பாயைத் தாண்டுவதுபோல மெல்ல மறுபக்கம் போனது. லாரிக்காரர், நாம் எல்லோரும் செய்வதுபோல, செருப்பில்லாத கையைத் தூக்கி நன்றி சொன்னார். அண்ணனும் கண்ணாடியை இறக்கி, பரவாயில்லை என்று கறுப்புக் கையுறையை வெளியே நீட்டி ஆட்டினார். அதற்குள் மணி ஆறாகிவிட்டது.

டைரக்டர் எழுந்து காருக்குப் பக்கத்தில் வந்தார். பிறகு, இத்தனை வருடத்தில் உங்கள் கை வெளியே வந்து யாராவது பார்த்திருக்கிறார்களா அண்ணே என்று வருத்தத்தோடு கேட்டார். கம்பெனியிலிருந்து வந்திருந்தவர் வருத்தப்படவில்லை.

“எங்க வண்டி என்ன பால் வண்டியா, இப்படி ஊருது?”

“ஆள் நின்னாரு சார்.”

“விளம்பரத்துல ஏதுய்யா ஆளு?”

அண்ணன் கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. இனிமேல் இளைஞர்களை வைத்து ஓட்டலாம் என்று கம்பெனி நினைக்கிறதாம். இனி வேலை இல்லை என்பதை மனைவியிடம் அவர் சுருக்கமாகச் சொன்னார். காரணம் கேட்டபோது வயதாகிவிட்டதாம் என்றார். செருப்பைப் பற்றிச் சொல்லவில்லை. ஐம்பத்தாறு வயதில், வெட்கப்படவேண்டிய ஒன்றைச் செய்துவிட்டோமா, பெருமைப்படவேண்டிய ஒன்றைச் செய்தோமா என்று அவருக்கே பிடிபடவில்லை. அதைவிட, மனைவி பார்க்க இனிமேல் புதிதாக ஒரு விளம்பரம் வரப்போவதில்லை என்பதுதான் அவரை அரித்தது.

கம்பெனியில் படத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பார்க்கிறவன் மூஞ்சியில் அடிக்கவேண்டிய தண்ணீர், சொன்ன சொல் தவறாமல் கேமராவின் மூஞ்சியில் அடித்திருந்தது. மூன்று முறையும் கார், குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நடமாடுவதுபோலத் தெரிந்தது. சுத்தமாக விழுந்தது நான்காவது மட்டும். ஒளிபரப்பு நேரத்தை வாங்கி, தேதியும் குறித்தாகிவிட்டது. மறுபடி எடுக்க ஒரு வாரம் ஆகும். அதுவரை காலி இடத்தை அடைக்க, அந்த ஊர்ந்த பத்து வினாடியைக் கடைசியில் ஒட்டி அனுப்பினார்கள். இதை யாரும் ஸ்டெப்னி அண்ணனுக்குச் சொல்லவில்லை.

குறித்த தேதி இரவு, தொடரில் கதாநாயகி மருத்துவமனையில், கண்மை கலையாமல், உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். குளுக்கோஸ் பாட்டிலைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள் என்று மனைவி சந்தோஷமாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். விளம்பர இடைவேளை. மலை தெரிந்தது. கட்டைக்குரல் ஒன்று எல்லைகளைத் தாண்டச் சொன்னது. மனைவி காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். கணவர் வழியை மறிக்கவில்லை. துணிக்கூடை அதன் இடத்திலேயே இருந்தது.

சமையலறை வாசலுக்குப் போனவர் நின்றார். தண்ணீர் அடிக்கிற இரைச்சல் வரவேண்டிய இடத்தில் இரைச்சல் வரவில்லை. பார்க்காமல் இருபத்திரண்டு வருடம் கேட்டுக்கேட்டு அவருக்கு அது மனப்பாடம். திரும்பிப் பார்த்தார். ஒரு கார் வெள்ளைப் பள்ளத்தைச் சத்தமில்லாமல் கடந்தது. செருப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கைதூக்கினார். காரிலிருந்து ஒரு கறுப்புக் கை வெளியே வந்து ஆடியது.

“ஏங்க, அது நீங்கதானே?”

அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றார். “எப்படித் தெரிஞ்சுது?”

“தண்ணியப் பாத்தா நீங்க பண்ற கூத்து எனக்குத் தெரியாதா? நம்ம பழைய வண்டில போறப்போ இப்படித்தான் ஊருவீங்க, பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சே ஓய்ஞ்சுபோவான்.” தம்ளர்களைத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “நான் முதல்ல வந்ததைப் பாக்கலை. மறுபடி எப்பப் போடுவாங்க?”

இந்தக் கேள்வியை அந்தத் தொழிலில் யாரும் யாரிடமும் கேட்டதாகத் தகவல் இல்லை. செய்திக்கு நடுவில் வரலாம் என்றார் அவர். அந்த ஒரு மணி நேரத்தில் செருப்புக் கதையையும், வேலை போன உண்மைக் காரணத்தையும், வேறு வழியில்லாமல் பாலையும் சொல்ல வேண்டியதாயிற்று. பாலுக்கு மட்டும் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எல்லாம் கேட்டு முடித்ததும் மனைவி துணிக்கூடையைக் காலால் தள்ளிவிட்டு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கதாநாயகி பிழைத்தாளா என்று இருவருமே கவனிக்கவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

ஒன்பதே காலுக்கு மலை வந்தது. இந்த வளைவை எண்பதில், என்று அவர் பழக்க தோஷத்தில் ஆரம்பித்தார்.

“பேசாம இருங்க” என்றார் மனைவி.

கட்டைக்குரல் பேசி முடித்தது. அழகர் சிரித்தார். கார் வந்தது, தயங்கியது, கடந்தது. கை வெளியே வந்து ஆடி உள்ளே போனது. மனைவி இமைக்காமல் பார்த்தார். அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

முடிந்து, பற்பசைக்காரன் வந்து பல்லைக் காட்டத் தொடங்கிய பிறகுதான் மனைவி மூச்சுவிட்டார். நல்லா இருந்துச்சு என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நாளைக்கு ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லவேண்டும் என்று நினைத்துக் கேட்டார்.

“ஆமா, அது என்ன வண்டிங்க?”

நாற்பத்தொரு விளம்பரத்து வண்டிகளின் பெயரையும், நிறத்தையும், எஞ்சின் அளவையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடியவர், யோசிப்பதுபோலக் கூரையைப் பார்த்தார்.

“தெரியலையே” என்றார். “கவனிக்கலை.”