மேலேயே இருக்கட்டும்

திருவொற்றியூரில் ரயில் ஏறினால் எதிரே அவர் இருப்பார். துறைமுகத்தில் கண்டெய்னர்கள் மேல் ஏறிக் கம்பி மாட்டுகிறவர். காய்த்துப்போன விரலால் போனில் ஒரு விளையாட்டு ஆடுவார். அதில் படமே கிடையாது, வெறும் எழுத்து. 'மதிலில் ஏறு' என்று தட்டுவார். 'விழுந்தாய். ஏறும் திறமை கொஞ்சம் கூடியது' என்று வரும். மறுபடி அதையே தட்டுவார்.

"இந்த விளையாட்டுல வேற எங்கயும் போக மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஏறுறவனுக்கு எந்தம்பி பேர வச்சிக்கீறேன் சார். இதுல வியுந்தா எய்ந்துக்குறான். நெசத்துல கண்டெய்னர் மேலேர்ந்து வியுந்தப்போ எய்ந்துக்கவேயில்ல."

ஒருநாள் விளையாட்டில் தம்பி விழாமல் மதில் உச்சிக்குப் போய்விட்டான். அவர் விரல் அப்படியே நின்றது.

"அப்பால?" என்றேன்.

"மேலயே இருக்கட்டும் சார். எறக்க மனசு வர்ல."

இப்போதும் எதிரேதான் உட்காருகிறார். போனை எடுப்பதேயில்லை. ராயபுரத்தில் இறங்கி, அதே கண்டெய்னர்கள் மேல் ஏறப் போகிறார்.